ஃபர்னிச்சருக்கு ஏன் 'எஸ்' போடக்கூடாது? ஆங்கிலப் பன்மை பற்றி ஒரு விவாதம்

மலைக்கோட்டை:
டெண்டர் ஆவணம் தயாரிப்பது என் வேலை. ஃபர்னிச்சர்ஸ், எக்விப்மென்ட்ஸ், இன்ஃபர்மேஷன்ஸ் என்று யார் எழுதினாலும் மேலதிகாரி சிவப்பு மையில் 'எஸ்'ஸை அடித்துத் திருப்பி அனுப்புகிறார். அடிக்கட்டும், அதில் எனக்கு வருத்தம் இல்லை. காரணம் கேட்டால் "அன்கவுண்டபிள்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்.

பள்ளியில் நமக்கு என்ன சொல்லிக்கொடுத்தார்கள்? எண்ண முடிந்தால் கவுண்டபிள், முடியாவிட்டால் அன்கவுண்டபிள். தண்ணீர், மணல், காற்று எல்லாம் சரி. ஆனால் நாற்காலியும் கட்டிலும் கண்ணெதிரே நிற்கின்றன, விரல் விட்டு எண்ணலாம். ஃபர்னிச்சர் மட்டும் எப்படி எண்ண முடியாததாகும்? 'மணி'யும் அன்கவுண்டபிளாம். அப்படியென்றால் வங்கியில் கேஷியர் நாள் முழுக்க என்ன செய்துகொண்டிருக்கிறார்?

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "ஆங்கிலம் அப்படித்தான், மனப்பாடம் பண்ணு" என்ற பதில் மட்டும் வேண்டாம், அது ஏற்கெனவே கிடைத்துவிட்டது.

கணினிக்காரன்:
ஆங்கிலம் அப்படித்தான், மனப்பாடம் பண்ணுங்கள். 😀 சும்மா சொன்னேன். வாத்தியார் ஐயா வருவார், பொறுங்கள்.

பழைய வாத்தியார்:
வந்தாயிற்று. மலைக்கோட்டை, உங்கள் கேள்வி நேரானது, பள்ளியில் சொன்ன விதிதான் கோணல். அந்த விதி பொருளைப் பார்க்கச் சொல்கிறது. பார்க்க வேண்டியது சொல்லை.

மரத்தில் இருப்பதை 'லீவ்ஸ்' என்றால் எண்ணலாம். அதே இலைகளை 'ஃபோலியேஜ்' என்றால் எண்ண முடியாது. கடையில் 'ஷூஸ்' எண்ணலாம், அவற்றையே 'ஃபுட்வேர்' என்றால் முடியாது. பையில் கிடக்கும் 'காயின்ஸ்' எண்ணலாம், சில்லறை என்ற பொருளில் 'சேஞ்ச்' என்றால் முடியாது. பொருள் இம்மிகூட மாறவில்லை, பெயர்தான் மாறியது. கேஷியர் எண்ணுவது ரூபாயை, நோட்டை. 'மணி' அந்த மொத்தத்துக்குப் பெயர். அதனால்தான் 'ஹவ் மெனி ருபீஸ்', ஆனால் 'ஹவ் மச் மணி'.

தானியத்தைப் பாருங்கள். கோதுமை 'வீட்', எப்போதும் ஒருமை. ஓட்ஸ் பன்மை. ஓட்ஸ் மணிகளை எண்ணிப் போட்டா கஞ்சி காய்ச்சுகிறார்கள்? இரண்டும் ஒரே மாதிரிச் சின்னச் சின்ன மணிதான். இதற்கு இயற்கையில் காரணம் தேடினால் கிடைக்காது.

பக்கத்து மொழிகளுக்குப் போனால் இன்னும் தெளிவாகும். பிரெஞ்சில் தகவல், அறிவுரை, மரச்சாமான் மூன்றுக்கும் இயல்பான பன்மை உண்டு. ஜெர்மனிலும் தகவலுக்குப் பன்மை உண்டு. அதனால் 'இன்ஃபர்மேஷன்ஸ்' என்று எழுதுவது நம் ஊர்க்காரர்கள் மட்டும் இல்லை, பாரிஸ்காரரும் எழுதுவார். ஸ்பகெட்டி இத்தாலியில் பன்மைச் சொல், ஆங்கிலத்துக்குள் வந்ததும் 'ஸ்பகெட்டி இஸ்' என்று ஒருமையாகிவிட்டது. நூடுல்ஸ் மட்டும் 'நூடுல்ஸ் ஆர்'.

டென்மார்க்கைச் சேர்ந்த ஓட்டோ யெஸ்பர்சன் 1914-இல் வெளியிட்ட தன் ஆங்கில இலக்கண நூலின் இரண்டாம் பாகத்தில் இந்த வகைச் சொற்களை 'மாஸ்வேர்ட்' என்று தனியே பிரித்துப் பேசினார். பிண்டமாகப் பார்க்கும் சொல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கவனியுங்கள், அவர் 'வேர்ட்' என்றார், 'திங்' என்று சொல்லவில்லை.

மலைக்கோட்டை:
ஐயா, புரிகிறது. ஆனால் இது எனக்கு எப்படி உதவும்? 'லீவ்ஸ்' எண்ணலாம், 'ஃபோலியேஜ்' எண்ணக்கூடாது என்று ஏற்கெனவே தெரிந்தவருக்குத்தான் அது தெரியும். சுற்றி வளைத்து மனப்பாடத்துக்கே வந்து நிற்கிறோம்.

பழைய வாத்தியார்:
முழுக்க அப்படி இல்லை. ஒரு குறுக்குவழி உண்டு, ஓரளவு நம்பலாம். ஃபர்னிச்சர் என்பது ஒரு பொருளின் பெயரா? இல்லை. நாற்காலி, மேசை, அலமாரி என்று வெவ்வேறு சாமான்களை ஒரே கூடையில் போட்டு அந்தக் கூடைக்கு வைத்த பெயர். லக்கேஜ், எக்விப்மென்ட், ஜுவல்லரி, மெஷினரி, ஸ்டேஷனரி, க்ராக்கரி எல்லாம் அப்படித்தான். கூடைக்குள் இருப்பதற்குத் தனிப்பெயர் இருக்கும், அதற்குப் பன்மை உண்டு. மெஷின்ஸ் உண்டு, மெஷினரிஸ் இல்லை. போயம்ஸ் உண்டு, போயட்ரிஸ் இல்லை. சூட்கேசஸ் உண்டு, லக்கேஜஸ் இல்லை.

சொல்லின் வாலும் துப்பு கொடுக்கும். இப்படி மொத்தத்தைக் குறிக்கும் 'ரி', 'ஏஜ்', 'வேர்', 'இங்' என்று முடிகிற சொற்கள் பெரும்பாலும் இந்தக் கூட்டம். ஹார்ட்வேர், சாஃப்ட்வேர், க்ளோத்திங், ஹவுசிங் எல்லாம் இதில் வரும்.

கணினிக்காரன்:
ஐயா, ஒரு ஆட்சேபம். 'வெஹிக்கிள்ஸ்' கூடைதானே? லாரி, பஸ், சைக்கிள் எல்லாம் அதற்குள் அடக்கம். 'டூல்ஸ்' கூடைதான். 'வெப்பன்ஸ்', 'வெஜிடபிள்ஸ்' எல்லாம் கூடைதான். எல்லாவற்றுக்கும் ஜோராக 'எஸ்' போடுகிறார்களே?

பழைய வாத்தியார்:
போடுகிறார்கள்தான். அங்கே ஒரு லாரியைக் காட்டி 'எ வெஹிக்கிள்' என்று சொல்ல முடிகிறது. நாற்காலியைக் காட்டி 'எ ஃபர்னிச்சர்' என்று சொல்ல முடியவில்லை. ஏன் என்று மேலும் கேட்டால் அந்தச் சொற்களின் வரலாற்றைத் தோண்டவேண்டும். ஓரளவு நம்பலாம் என்றுதான் சொன்னேன், முழுக்க என்று சொல்லவில்லையே தம்பி.

சந்தேகம் வந்தால் மாணவர்களுக்கான ஆங்கில அகராதியைப் பாருங்கள். ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் பக்கத்தில் 'சி' (கவுண்டபிள்) அல்லது 'யூ' (அன்கவுண்டபிள்) என்று ஓர் எழுத்து இருக்கும். இந்த வகை அகராதியை இன்று எல்லாரும் ஆக்ஸ்ஃபோர்டின் பெயரால் அறிவார்கள். அது பிறந்த இடம் இங்கிலாந்து இல்லை. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்த ஹார்ன்பி 1942-இல் டோக்கியோவில் வெளியிட்ட அகராதிதான் அதன் மூலம். ஆங்கிலத்தைப் பிறந்த மொழியாகக் கொண்டவனுக்கு அந்த 'சி'யும் 'யூ'வும் தேவையே இல்லை. நம்மைப் போன்றவர்களுக்காகச் செய்தது அது.

வங்கி வசந்தி:
கேஷியரை வம்புக்கு இழுத்ததால் வந்தேன். 'அட்வைஸ்' எண்ண முடியாதது என்று எல்லா இலக்கணப் புத்தகத்திலும் இருக்கிறது. எங்கள் கிளையில் தினமும் 'டெபிட் அட்வைஸ்', 'பேமென்ட் அட்வைஸ்' என்று கட்டுக்கட்டாக வரும், 'அட்வைசஸ்' என்றுதான் எழுதுவோம். அது அறிவுரை இல்லை, அறிவிப்புச் சீட்டு. அந்தப் பொருளில் பன்மை செல்லும். இதையும் தப்பு என்பீர்களா?

பழைய வாத்தியார்:
சரிதான் அம்மா. ஒரே சொல்லுக்கு இரண்டு வாழ்க்கை. 'ஹேர்' தலையில் இருக்கும்வரை பிண்டம், சாம்பாரில் விழுந்தால் 'எ ஹேர்'. 'பேப்பர்' காகிதம் என்றால் எண்ண முடியாது, செய்தித்தாள் என்றால் எண்ணலாம்.

சாப்பாட்டில் இது இன்னும் வேடிக்கை. 'எ சிக்கன்' என்றால் கோழி, நடமாடும். வெறும் 'சிக்கன்' என்றால் தட்டில் இருக்கிறது. 'ஐ ஏட் எ சிக்கன்' என்று சொன்னால் முழுக்கோழியையும் தின்றுவிட்டான் என்று அர்த்தம். எந்த எண்ணத்தகு பொருளையும் அரைத்துக் கூழாக்கினால் எண்ண முடியாததாகிவிடும் என்பதைத் தத்துவக்காரர்கள் 'யுனிவர்சல் கிரைண்டர்' என்பார்கள். 1975-இல் பெல்லட்டியர் என்பவர் ஒரு கட்டுரையில் எழுதியது. பெயர் சூட்டியவர் டேவிட் லூயிஸ் என்ற தத்துவப் பேராசிரியராம்.

கணினிக்காரன்:
கோயம்புத்தூர் கிரைண்டரா? டேபிள்டாப்பா, டில்டிங்கா?

பழைய வாத்தியார்:
எதுவானாலும் சரி, கையை உள்ளே விடாதே. இதற்கு எதிர்த்திசையும் உண்டு. காபி பிண்டம்தான், ஆனால் ஓட்டலில் 'டூ காஃபீஸ்' என்றால் இரண்டு கோப்பை. 'வைன்ஸ்', 'சீசஸ்' என்றால் வகைகள்.

கணினிக்காரன்:
எங்கள் துறையிலும் இந்தக் குழப்பம் நிறைய. 'சாஃப்ட்வேர்ஸ்' என்று ரெஸ்யூமேயில் பார்த்தாலே சிலர் முகம் சுளிப்பார்கள். 'கோட்' அன்கவுண்டபிள், 'ஐ ரோட் சம் கோட்' என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் இயற்பியல் ஆய்வுக்கு நிரல் எழுதுகிறவர்கள் 'கோட்ஸ்' என்று சாதாரணமாகச் சொல்வார்கள், அவர்களிடம் யாரும் வாய் திறப்பதில்லை. 'மெயில்' எண்ண முடியாதது, அதன் பிள்ளையான 'இமெயில்' மட்டும் ஒன்று, இரண்டு, நூறு என்று எண்ணிக்கையாகிவிட்டது. தொடக்கத்தில் 'இமெயில் மெசேஜஸ்' என்று எழுதுவார்கள். பிறகு எல்லாரும் சோம்பேறியாகி 'இமெயில்ஸ்' என்றார்கள், நிலைத்துவிட்டது. நாமும் விடாமல் 'எக்விப்மென்ட்ஸ்' எழுதிக்கொண்டே இருந்தால் ஒருநாள் நிலைக்கும்.

மலைக்கோட்டை:
அதுவரை என் மேலதிகாரி ஓய்வு பெற்றுவிடுவார்.

சொல்லேருழவன்:
ஒரு விஷயத்தை யாரும் தொடவில்லை. தமிழ்க்காரன் ஏன் குறிப்பாக இந்தத் தவறைச் செய்கிறான்?

தமிழில் அஃறிணைப் பெயருக்கு 'கள்' கட்டாயம் இல்லை. 'பத்து மாம்பழம் வாங்கினேன்', 'நாலு மாடு நிற்கிறது' என்போம். இலக்கணப்படி மாடு வந்தது என்றால் ஒன்று, மாடு வந்தன என்றால் பல. பெயர் அப்படியே இருக்கும், வினை காட்டிக்கொடுக்கும். நன்னூல் இதற்குப் பால்பகா அஃறிணைப் பெயர் என்று பெயரே வைத்திருக்கிறது. தொல்காப்பியமும் அஃறிணையில் 'கள்' சேர்வதைச் சொல்கிறது, கட்டாயமாக்கவில்லை.

இந்தப் பழக்கத்தோடு ஆங்கிலத்துக்குப் போகிறவன் 'எஸ்'ஸை விட்டுவிடத்தானே வேண்டும்? ஆனால் வேண்டாத இடத்தில் சேர்க்கிறான். இது எனக்கு நீண்ட நாள் புதிராக இருந்தது. என் கணிப்பு இதுதான்: தமிழில் 'கள்' தேவையில்லை, ஆனால் தடையும் இல்லை. தகவல்கள், அறிவுரைகள், செய்திகள், ஆதாரங்கள், உபகரணங்கள், வீட்டுப்பாடங்கள் எல்லாம் நம்மிடம் இயல்பாக எண்ணப்படும் சொற்கள். 'ஒரு தகவல்' என்று சொல்ல நாம் யோசிப்பதே இல்லை. எண்ணவே கூடாது என்று ஒதுக்கி வைத்த பெரிய கூட்டம் தமிழில் கிடையாது. அதனால் பள்ளியில் 'பன்மைக்கு எஸ்' என்று கற்றதும் எல்லாவற்றுக்கும் போட்டுவிடுகிறோம்.

விட்டுவிடுகிற பழக்கம் வேறிடத்தில் தெரியும். 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்'. தமிழில் 'என் நண்பர் ஒருவர்', அங்கே பன்மையே இல்லை. ஆங்கிலத்தில் ஒரு கூட்டத்திலிருந்து ஒருவரை எடுக்கவேண்டும், அதனால் 'ஃப்ரெண்ட்ஸ்'.

வங்கி வசந்தி:
நாம் வாங்கிய சொற்களிலும் வேடிக்கை உண்டு. பஸ்ஸில் "ஒரு லேடீஸ் நிக்கிறாங்க, எந்திரிங்க" என்று கண்டக்டர் சொல்வார். லேடி தமிழுக்கு வரவே இல்லை, லேடீஸ்தான் வந்தது. அதற்கு நேர்மாறாக, ஆங்கிலத்தில் எப்போதும் பன்மையான 'பேன்ட்ஸ்' இங்கே வந்து 'ஒரு பேன்ட்' ஆகிவிட்டது. இதில் நம் ஆட்கள்தான் புத்திசாலி. ஒரு துணியில் ஒன்றைத் தைத்துவிட்டு இரண்டு என்பானேன்?

சொல்லேருழவன்:
லேடீஸ் பற்றி என் ஊகம்: 'அவர்கள்' என்பதில் உள்ள 'கள்' பன்மையாகவும் வரும், மரியாதையாகவும் வரும். அந்த 'எஸ்' நம் காதில் மரியாதையாக விழுந்திருக்கலாம். 'ஒரு லேடி' என்றால் ஏனோ கொஞ்சம் எடுத்தெறிந்து பேசியதுபோல் இருக்கிறது, இல்லையா?

குட்டிப்பாப்பா அம்மா:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். என் மகளுக்கு நான்கு வயது. 'ஃபுட்ஸ்', 'மௌசஸ்' என்கிறாள். வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. முன்பு 'ஃபீட்' என்று சரியாகத்தான் சொன்னாள், இப்போது பின்னால் போகிறாள். திருத்தலாமா, விட்டுவிடலாமா?

பழைய வாத்தியார்:
விட்டுவிடுங்கள் அம்மா. பின்னால் போகவில்லை, முன்னால் போகிறாள். முதலில் கேட்டதைத் திருப்பிச் சொன்னாள், இப்போது விதியைக் கண்டுபிடித்துவிட்டாள். 1958-இல் ஜீன் பெர்க்கோ என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு பறவைக்குஞ்சு மாதிரி பொம்மைப்படம் வரைந்து 'இது வக்' என்று குழந்தைகளிடம் காட்டினார். அப்படி ஒரு சொல்லே கிடையாது. அடுத்த படத்தில் இரண்டு. இவை என்ன என்று கேட்டதும் பெரும்பாலான குழந்தைகள் 'வக்ஸ்' என்றார்கள், கடைசி ஒலியையும் சரியாக 'ஜ்' போல அதிர்வோடு. வாழ்நாளில் கேட்டிராத சொல்லுக்குப் பன்மை சொல்லத் தெரிகிறது என்றால் அது மனப்பாடம் இல்லையே. 'ஃபீட்' தானாக வந்து சேரும்.

குட்டிப்பாப்பா அம்மா:
நன்றி ஐயா. ஆனால் 'ஃபீட்', 'மைஸ்' எல்லாம் ஏன் அப்படி? 'எஸ்' போட்டிருந்தால் அவளுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி.

பழைய வாத்தியார்:
இது எனக்குப் பிடித்த இடம், கொஞ்சம் நீளும்.

ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஆங்கிலத்தில் பன்மைக்கு ஒரே விகுதி இல்லை. ஒரு கூட்டம் 'அஸ்' என்று முடியும், கல் என்ற பொருள்படும் 'ஸ்டான்' பன்மையில் 'ஸ்டானஸ்'. இன்றைய 'எஸ்'ஸின் பாட்டன் அதுதான். இன்னொரு கூட்டத்துக்கு 'அன்'. அதில் மிஞ்சியது 'ஆக்ஸன்'. கண்களுக்கு 'ஐயன்', செருப்புக்கு 'ஷூன்' என்றெல்லாம் பல நூற்றாண்டு ஓடின, பிறகு 'எஸ்' விழுங்கிவிட்டது. மூன்றாவது கூட்டத்துக்கு விகுதியே கிடையாது: 'ஷீப்', 'டீர்'. சொல்லேருழவன் சொன்ன பால்பகா பெயர்தான், அசல் அங்கேயும் உண்டு.

'ஃபுட்' வேறு கதை. எழுத்து வழக்கு வருவதற்கு முன்பே அதன் பன்மை விகுதியில் ஓர் 'இ' ஒலி இருந்தது. வரப்போகும் 'இ'க்குத் தயாராக நாக்கு முன்னே நகர்ந்து, அதற்கு முந்தைய உயிரையும் முன்னே இழுத்தது. காலப்போக்கில் விகுதி உதிர்ந்துவிட்டது, மாறிய உயிர் மட்டும் நின்றது. 'டூத்–டீத்', 'கூஸ்–கீஸ்', 'மேன்–மென்', 'மௌஸ்–மைஸ்' எல்லாம் இந்த வழியில் வந்தவை. புத்தகமும் இதே கூட்டத்தில்தான் இருந்தது, பழைய பன்மை 'பேச்' போல ஒலிக்கும். அது பிழைத்திருந்தால் நூலகத்தில் இன்று 'புக்ஸ்' கேட்க முடியாது.

'சில்ட்ரன்' பாவம், இரண்டு தடவை பன்மையானது. பழைய பன்மை 'சில்ட்ரு', பிறகு 'சில்டர்'. அது பன்மையாகவே காதில் விழாத காலம் வந்ததும் மேலே ஒரு 'என்' ஒட்டினார்கள். வட இங்கிலாந்தில் 'சில்டர்' நெடுநாள் இருந்தது.

கடைசியாக முட்டை. 1490-இல் லண்டன் அச்சுக்காரர் வில்லியம் கேக்ஸ்டன், தான் அச்சிட்ட ஒரு நூலின் முன்னுரையில் ஒரு சம்பவம் எழுதியிருக்கிறார். தேம்ஸ் ஆற்றில் வணிகர்கள் கப்பலில் புறப்பட்டார்கள், காற்று இல்லாமல் கரையொதுங்கினார்கள். ஷெஃபீல்டு என்ற துணி வணிகர் ஒரு வீட்டில் போய் 'எக்ஸ்' கேட்டார். அந்த அம்மாள் "எனக்குப் பிரெஞ்சு தெரியாதுங்க" என்றாள். வணிகருக்குக் கோபம், அவருக்கும் பிரெஞ்சு தெரியாது. கூட வந்த இன்னொருவர் 'ஐரன்' என்றதும்தான் அவளுக்குப் புரிந்தது. 'எக்' வடக்கிலிருந்து வந்தது, ஸ்கண்டிநேவியச் சொல். 'ஐரன்' தெற்கின் பழைய சொல், வாலில் 'சில்ட்ரன்' போலவே 'ரன்'. இரண்டு பேரும் ஆங்கிலேயர்கள், இரண்டு பேரும் கேட்டது முட்டை.

கேக்ஸ்டன் அந்த இடத்தில் புலம்புகிறார்: நான் எந்தச் சொல்லை அச்சடிப்பது என்று. உங்கள் மேலதிகாரி அப்போது இருந்திருந்தால் ஒரே நாளில் மை தீர்ந்திருக்கும்.

சொல்லேருழவன்:
பொருத்தமான கதை ஐயா. 'எஸ்'ஸைப் பன்மை என்று தப்பாக நினைத்து வெட்டிய கதையும் உண்டே?

பழைய வாத்தியார்:
'பீ', பட்டாணி. பழைய சொல் 'பீஸ்', ஒருமை, 'வீட்' மாதிரி பிண்டச் சொல். அதன் கடைசி ஒலியைப் பன்மை விகுதி என்று மக்கள் நினைத்து வெட்டினார்கள், 'பீ' பிறந்தது. 'செர்ரி'யும் அப்படித்தான், பிரெஞ்சிலிருந்து வந்தபோது கடைசியில் ஒரு 'ஸ்' ஒலி இருந்தது. வசந்தி அம்மா சொன்ன பேன்ட் கதைதான். தையல்காரர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

டொரண்டோ குமரன்:
எங்கள் ஊர் ஐஸ் ஹாக்கி அணிக்கு 1927-இலிருந்து 'டொரண்டோ மேப்பிள் லீஃப்ஸ்' என்று பெயர். 'லீவ்ஸ்' இல்லை, 'லீஃப்ஸ்'. இங்கே வந்த புதிதில் எழுத்துப்பிழை என்றே நினைப்பார்கள். இங்கு இலை என்பது இலை இல்லை, ஓர் ஆட்டக்காரருக்குப் பெயர். பெயரானதும் பழைய ஒழுங்கின்மை உதிர்ந்து, நேர் 'எஸ்' வந்து ஒட்டிக்கொள்கிறது. 'ஸ்டில் லைஃப்' ஓவியத்துக்கும் 'ஸ்டில் லைஃப்ஸ்'தான், 'லைவ்ஸ்' கிடையாது.

அப்புறம் 'லெஸ்', 'ஃப்யூவர்' சண்டை. கடைகளில் 'டென் ஐட்டம்ஸ் ஆர் லெஸ்' என்ற பலகையைப் பார்த்துக் கொதிக்கிறவர்கள் இருக்கிறார்கள், எண்ணக்கூடியதற்கு 'ஃப்யூவர்'தான் வரவேண்டும் என்று. பிரிட்டனில் டெஸ்கோ கடை 2008-இல் பலகையை 'அப் டு டென் ஐட்டம்ஸ்' என்று மாற்றி இரண்டு சொல்லிலிருந்தும் தப்பித்துக்கொண்டது.

பழைய வாத்தியார்:
அந்த விதிக்கு வயதும் அதிகம் இல்லை. 1770-இல் ராபர்ட் பேக்கர் என்பவர் 'ஃப்யூவர் நன்றாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது' என்கிற தொனியில்தான் எழுதினார். பின்னால் வந்தவர்கள் அந்தத் தோன்றுதலைச் சட்டமாக்கிவிட்டார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஆண்ட ஆல்ஃபிரட் அரசர் காலத்திலேயே எண்ணக்கூடியவற்றுக்கு 'லெஸ்' இருந்தது. தேர்வுத்தாளில் மட்டும் 'ஃப்யூவர்' எழுதுங்கள், மதிப்பெண் முக்கியம்.

கணினிக்காரன்:
எனக்கு ஒரு சந்தேகம். ஆங்கிலத்தில் பூஜ்யத்துக்கு ஏன் பன்மை? 'ஜீரோ மெசேஜஸ்'. ஒன்றுமே இல்லாததற்கு எதற்குப் பன்மை? 'ஒன் பாயிண்ட் ஃபைவ் அவர்ஸ்'கூட அப்படித்தான். பிரெஞ்சில் பூஜ்யமும் ஒன்றரையும் ஒருமைக் கணக்கில் போகும். செயலிகளை மொழிபெயர்க்க யூனிகோடு அமைப்பு சி.எல்.டி.ஆர். என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது, எந்த மொழியில் எத்தனை வகைப் பன்மை என்று. ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் இரண்டு வகை, ஜப்பானியத்துக்கு ஒன்றே ஒன்று, அரபுக்கு ஆறு. அரபுக்கு ஒரு செயலியைத் தயார்செய்த மாதம் எனக்கு முடி கொட்டியது. எண்ணக்கூடிய முடி.

பழைய வாத்தியார்:
ஆங்கிலத்தின் பன்மையைப் 'பல' என்று படிக்காதே, 'சரியாக ஒன்று அல்லாதது' என்று படி. பூஜ்யம், ஒன்றரை எல்லாம் அதில் அடங்கிவிடும்.

மலைக்கோட்டை:
என் டெண்டருக்குத் திரும்புகிறேன். மேலதிகாரி 'வொர்க்ஸ்', 'டேமேஜஸ்' என்று தானே 'எஸ்' போட்டு எழுதுகிறார். 'வொர்க்' எண்ண முடியாதது இல்லையா? அவருக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா?

வங்கி வசந்தி:
இதில் அவர் பக்கம்தான் நான். 'டேமேஜ்' சேதம். 'டேமேஜஸ்' இழப்பீட்டுத் தொகை. ஒப்பந்தம் தாமதமானால் பிடிப்பது 'லிக்விடேட்டட் டேமேஜஸ்'. அங்கே 'எஸ்'ஸை விட்டால் பணத்துக்குப் பதில் உடைசலைத்தான் கேட்டதாகும். 'வொர்க்' வேலை, 'வொர்க்ஸ்' கட்டுமானப் பணி. அதனால் 'சிவில் வொர்க்ஸ்' சரி. 'குட்ஸ்', 'ப்ரெமிசஸ்' இரண்டுக்கும் அந்தப் பொருளில் ஒருமையே கிடையாது. கூட்டக் குறிப்பு 'மினிட்ஸ்', சுங்கம் 'கஸ்டம்ஸ்'. சட்ட ஆவணத்தில் 'மனீஸ்'கூட வரும், கேஷியரின் மானம் காக்க.

'எக்விப்மென்ட்'டுக்கு எண்ணிக்கை வேண்டும் என்றால் 'ஐட்டம்ஸ் ஆஃப் எக்விப்மென்ட்' என்று போடுங்கள். அதைவிட நல்லது, கருவியின் பெயரையே எழுதிவிடுவது. ஜெனரேட்டர் 2, பம்ப் 5. ஏலத்தில் சண்டையும் வராது.

பழைய வாத்தியார்:
இன்னொன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: பன்மைச் சொல் அடைமொழியாகி அடுத்த பெயருக்கு முன் நின்றால் 'எஸ்' போய்விடும். 'டூ இயர் வாரண்டி', 'டென் ருபீ நோட்', 'ஃபைவ் ஸ்டார் ஹோட்டல்'. 'டென் ருபீஸ் நோட்' நம் நாட்டுச் சரக்கு. 'ஸ்போர்ட்ஸ் கார்', 'சேவிங்ஸ் அக்கவுண்ட்' போன்றவை விதிவிலக்கு, வசந்தி அம்மா சண்டைக்கு வருவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

மலைக்கோட்டை:
கடைசிக் கேள்வி. 'ஸ்டாஃப்' ஒருமையா, பன்மையா? 'ஸ்டாஃப்ஸ்' என்று எங்கள் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது.

டொரண்டோ குமரன்:
பலகையில் உள்ள 'எஸ்' வேண்டாம், ஒரு நிறுவனத்தின் ஆட்கள் எல்லாரும் சேர்ந்தே 'ஸ்டாஃப்'. ஒருவர் என்றால் 'ஸ்டாஃப் மெம்பர்'. வினை பிரிட்டனில் இரண்டும் வரும், 'ஸ்டாஃப் ஆர்' என்பார்கள். வட அமெரிக்காவில் 'ஸ்டாஃப் இஸ்'. 'டீம்', 'கமிட்டி' எல்லாம் அப்படியே. 'போலீஸ்' மட்டும் எங்கே போனாலும் 'ஆர்'. கிரிக்கெட் வர்ணனையில் கேட்டிருப்பீர்கள்: அணியைச் சொல்லும்போது 'இந்தியா ஆர்', நாட்டைச் சொல்லும்போது 'இந்தியா இஸ்'.

கணினிக்காரன்:
அப்படியானால் 'இந்தியா ஆர் ஆல் அவுட்' இலக்கணப்படி சரியா?

பழைய வாத்தியார்:
இலக்கணப்படி சரி. மற்றபடி வருத்தம்தான்.